புளியங்கொட்டைக் கணக்கு: வன்னிச் சரணாலயங்களில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: கட்டுக்கரை

காலை ஐந்தரை மணிக்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். தம்பி வானை ஓட்ட, முன் இருக்கையில் மாமா அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய தொலைநோக்கி, சட்டையின் இடது பையில் ஒரு பிடி புளியங்கொட்டை. மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டுக் காவலில் கள உதவியாளராக இருந்தவர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, அறுபது வயதைக் கடந்த அரச ஊழியர்கள் அனைவரும் ஒரே நாளில் ஓய்வுபெற வேண்டும் என்ற முடிவின்படி அவரும் இளைப்பாறினார். அதற்கு முந்தைய வரவு செலவுத் திட்டம் ஓய்வு வயதை அறுபத்தைந்தாக உயர்த்தியிருந்ததனால், இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் ஓர் இளைஞனுக்காவது வேலையைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். அந்த இளைஞன் இன்றுவரை நியமிக்கப்படவில்லை.

இந்தப் பயணத்தை நான் கேட்டதற்கும் அதுவே காரணம். வன்னியிலும் மன்னாரிலும் சரணாலயம், தேசியப் பூங்கா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடங்கள் பல உள்ளன. அவற்றைக் காக்கும் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவருடைய கண்களால் பார்க்க விரும்பினேன்.

பறயனாளங்குளத்தில் மன்னார் வீதியில் ஏறியபோது பொழுது புலர்ந்திருந்தது. மடு வீதிச் சந்தியை நெருங்கும்போது இருபுறமும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நின்றன. 1968ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட காடு இது. முதிரை இருந்த இடங்களை மாமா தூரத்திலிருந்தே காட்டினார். சில இடங்களில் அவர் காட்டியது மரத்தையல்ல, மரம் நின்ற வெளியை. முதிரைக்கு நல்ல விலை உண்டு என்பதும், இரவில் ஒரு மரத்தை அறுத்து உழவு இயந்திரத்தில் ஏற்றிச் செல்ல அதிக நேரம் ஆகாது என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை.

முருங்கனைத் தாண்டிக் கட்டுக்கரைக் குளத்தின் கட்டில் இறங்கினோம். அருவி ஆற்றுத் தண்ணீர் தேக்கம் அணையில் திருப்பப்பட்டு, வாய்க்கால் வழியாக வந்து இந்தக் குளத்தை நிறைக்கிறது. மன்னார் பெருநிலத்தின் காலபோகமும் சிறுபோகமும் இதை நம்பியே இருக்கின்றன. 1954ஆம் ஆண்டிலிருந்து இது சரணாலயமும்கூட. ஒரே தண்ணீர் கமக்காரருக்கும் பறவைக்கும் சொந்தமாக இருப்பதுதான் வன்னிக் குளங்களின் சிறப்பு என்று நான் எப்போதும் நினைத்திருக்கிறேன். மருத மரங்களுக்குக் கீழே நின்று பார்த்தபோது அலைகரையில் சங்குவளை நாரைகள் வரிசையாக நின்றன; தாமரை இலைகளின்மேல் நீளவால் இலைக்கோழி ஒன்று தன் குஞ்சுகளை நடத்திச் சென்றது.

மாமா எண்ணத் தொடங்கினார். கூட்டமாக இருக்கும் பறவைகளை அவர் பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டிப் பிரிக்கிறார்; பத்துப் பத்துகள் சேர்ந்தவுடன் ஒரு புளியங்கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்கு மாறுகிறது. கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, எழுதுவதற்குக் குனிய வேண்டியதுமில்லை. சீழ்க்கைத் தாராக்களை எண்ணி முடித்தபோது அவருடைய வலது பையில் ஏழு கொட்டைகள் இருந்தன. இதை யார் பழக்கினார்கள் என்று கேட்டேன். தனக்கு முன் இருந்த காவலர் பழக்கினார் என்றார். அவருக்கு யார் பழக்கினார்கள் என்பது மாமாவுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள்: வங்காலை

மன்னார்ப் பாலத்துக்கு முன் பெருநிலப் பக்கத்தில் விரியும் உவர்ச் சேற்றுவெளியே வங்காலைச் சரணாலயம். 2008ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டபடியால் பூநாரைகளைக் கண்ணாரக் கண்டோம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்தி, சேற்றை அலசி வடித்து உண்ணும் பறவை அது. அதற்கு அப்பால் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும், கரையோரத்தில் கருவால் மூக்கன்களும் இருந்தன. மாமாவின் இடது பை காலியாகி, கொட்டைகளைத் திரும்ப மாற்றித் தொடங்க வேண்டியதாயிற்று.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் நம்புவதில்லை. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை சென்று, மீண்டும் மன்னாருக்கே திரும்பி வந்தது. அவ்வளவு தூரம் வழி தவறாமல் வரும் பறவை, வந்து இறங்கும் இடத்தில் நைலோன் வலையில் சிக்கி இறந்து கிடப்பதை மாமா பல முறை எடுத்துப் புதைத்திருக்கிறார். வலை விரிப்பவர்கள் விடியுமுன் வருவார்கள், ஆகவே காவலனும் விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். அலுவலக நேரத்தில் வரும் ஒருவரால் இந்த இடத்தைக் காக்க முடியாது.

இரவு, மன்னாரில் தங்கியிருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் மச்சாள், மாமாவின் மூத்த மகள், தொலைபேசியில் வந்தாள். அங்கேயும் இதே கதைதான் என்றாள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டின் மீன், வனஜீவராசிகள் சேவையில் தகுதிகாண் காலத்தில் இருந்த நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதையும், ஏற்கெனவே ஆள் குறைவாக இருந்த சரணாலயங்களும் அதில் அடிபட்டதையும் சொன்னாள். அந்த நாட்டின் முதல் தேசியச் சரணாலயம் 1903ஆம் ஆண்டு புளோரிடாவில் ஒரு சிறு தீவில், இறகுக்காகச் சுட்டுத் தள்ளப்பட்ட கூழைக்கடாக்களையும் மற்ற நீர்ப்பறவைகளையும் காப்பதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் அவளே சொன்னாள். அதைக் காக்க அரசாங்கம் பணம் ஒதுக்காதபடியால், போல் குரோகெல் என்ற காவலருக்கு மாதம் ஒரு டொலர் சம்பளத்தைப் பறவை ஆர்வலர்களே கொடுத்தார்களாம். மாமா அதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு டொலர் கொடுத்தாலும் ஓர் ஆளை வைத்தார்கள், பிள்ளை. அறிவித்தல் பலகையை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை" என்றார்.

மூன்றாம் நாள்: பெயர் எழுதாத ஓர் இடம்

மன்னாரிலிருந்து வடக்கே வந்து, வெள்ளாங்குளத்தில் திரும்பி மல்லாவி வழியாக மாங்குளம் நோக்கிச் சென்றோம். இடையில், காட்டோரமாக இருக்கும் ஒரு கள அலுவலகத்தில் அரை நாள் இருந்தோம். அது எந்த இடம் என்பதை எழுதவில்லை. அங்கே வேலை செய்பவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை, அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது.

எங்களை வரவேற்றவர் அநுராதபுரப் பக்கத்தைச் சேர்ந்த சிங்கள இளைஞர். தட்டுத்தடுமாறினாலும் தமிழிலேயே பேசினார். மாமாவைப் பார்த்ததும் "வாங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் இருந்த மற்றவர், ஒரே வாகனத்தையும் எடுத்துக்கொண்டு, முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் யானை புகுந்த ஊருக்குப் போயிருந்தார். பின்னறையில் ஆறு இரும்புக் கட்டில்கள். இரண்டில் பாய் விரித்திருந்தது. மற்ற நான்கில் ஒன்றின்மேல் பழைய கோப்புகளும், இன்னொன்றின்மேல் காற்றுப்போன டயர் ஒன்றும் கிடந்தன. கடைசிக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், நிரைநிரையாகக் கரிக்கோடுகள் இருந்தன. மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களை அங்கே படுத்தவர் கோடு கிழித்து எண்ணியிருக்கிறார். மாமா அதைத் தடவிப் பார்த்து, கிழித்தவரின் பெயரைச் சொன்னார். அவரும் அதே டிசம்பர் 31இல் வீட்டுக்குப் போனவர்.

நாட்டின் நிதி நிலை 2022இல் முறிந்தபோது அரச துறைக்கு ஆட்சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்புவதற்குக்கூடத் தனி அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணம் இல்லாத நாட்டில் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வரிசைகளில் நானும் நின்றவள். ஆனால் எல்லா அலுவலகத்துக்கும் ஒரே சுற்றுநிருபத்தை அனுப்பும்போது, மேசையில் தேங்கும் வேலைக்கும் காட்டில் தேங்கும் வேலைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. தேங்கிய கோப்பை அடுத்த மாதம் முடிக்கலாம். கம்பியில் இடறினால் வெடிக்கும் கட்டுத்துவக்கில் காலிழந்த மரைக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை.

மாலையில் அந்த இளைஞருடன் மின்வேலியோரமாக நடந்தோம். யானை வேலியைக் கட்டிக் கொடுப்பது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. ஒரு கொடி கம்பியில் ஏறினால், மழையில் நனைந்த புல் உரசினால், மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அது வெறும் கம்பி. ஆகவே யாராவது ஒருவர் நாள் தவறாமல் நடந்து, செடியை வெட்டி, முறிந்து விழுந்த கொப்பை எடுத்து, மின்கலத்தைப் பார்க்க வேண்டும். மாமா ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளி, அதன் நுனியைக் கம்பியில் வைத்து, பிறகு மெல்ல மெல்லத் தன் விரலை நோக்கி நெருக்கினார். உயிருள்ள வேலியென்றால் நொடிக்கொரு முறை விரலில் துடிப்புத் தெரியும். அவர் புல்லை விரல் ஒட்டும் அளவுக்கு நெருக்கியும் முகத்தில் எந்த அசைவும் இல்லை. "செத்துப்போய்விட்டது" என்றார். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குரிய வேலியின் நீளத்தை ஒருவரால் ஒரே நாளில் நடந்து முடிக்க முடியாது. சில ஊர்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தினர் வேலியைப் பார்க்கிறார்கள். இந்த வேலிக்கு அப்படி ஒருவரும் இல்லை.

வேலியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இலந்தைப் புதரடியில் மாமா சட்டென்று நின்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. குனிந்து இலைச் சருகை விலக்கியபோது, மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியால் செய்த சுருக்கு ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதன் மறுமுனை ஓர் இளமரத்தின் அடியில் கட்டப்பட்டிருந்தது; கட்டிய இடத்தில் பட்டை உரிந்து, மரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஏதோ ஒன்று அங்கே நெடுநேரம் இழுத்துப் பார்த்திருக்கிறது. பன்றிக்காக வைக்கும் சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. மானும் சிறுத்தையும் அதில் மாட்டுகின்றன. வானத்திலிருந்து படமெடுக்கும் எந்தக் கருவிக்கும் இது தெரியாது. நடந்து போகிற ஒருவரின் கண்ணுக்கு, அதுவும் பழகிய கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மாமா முடிச்சை அவிழ்த்துக் கம்பியைச் சுருட்டி இளைஞரிடம் கொடுத்தார். அவிழ்க்கும் முறையை இரண்டாம் தடவை செய்து காட்டினார்.

திரும்பி வரும்போது அந்த இளைஞர் சொன்னது என் மனதை விட்டு அகலவில்லை. இரவில் ஊர்மக்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பதற்றத்தில் வேகமாகச் சொல்லுவார்கள், அவருக்குப் பாதிதான் விளங்குமாம். முன்பு தமிழ் பேசும் உதவியாளர் பக்கத்திலேயே படுத்திருப்பார். இப்போது அந்தக் கட்டிலில் கோப்புகள் இருக்கின்றன. இலங்கை முழுவதும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்தவை 5,879. 2023இல் யானைகளால் மாண்ட மனிதர்களின் குடும்பங்களும் இதே காட்டோரங்களில்தான் வாழ்கின்றன. அழைத்தால் விளங்கிக்கொள்ளும் ஒருவர், விளங்கியவுடன் புறப்பட ஒரு வாகனம் என்ற இரண்டும் அந்த இரு பக்க மரணங்களுக்கும் குறுக்கே நிற்பவை.

நான்காம் நாள்: சுண்டிக்குளம்

கிளிநொச்சியில் தங்கி, விடியலில் பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் சென்று, தருமபுரத்தைத் தாண்டி வடக்கே மண்பாதையில் இறங்கினோம். இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு இந்தக் கடல்நீரேரியில்தான் கலக்கிறது. ஆற்றோரத்தில் மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் நின்றது. ஒன்றின் விளிம்பில் மருத மரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின.

சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1949இல்தான் அமைக்கப்பட்டது என்பதால், திணைக்களத்தைவிடச் சரணாலயம் மூத்தது. 2015 ஜூன் மாதம் இது விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவானது. இடையில் ஆழிப்பேரலையும் போரும் இந்தக் கரையைக் கடந்து போயின. இன்று காலை நீரேரியின் ஆழமற்ற பகுதியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. அவை சேர்ந்து வளைத்து மீனை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒரே நேரத்தில் அலகைத் தாழ்த்தும் ஒழுங்கைப் பார்த்தபோது, கரைவலை இழுப்பவர்களின் ஒழுங்கு நினைவுக்கு வந்தது.

கரையில் ஒரு வாடியில் தேநீர் தந்தவர், மீள்குடியேறியவர். மீன்பிடியும் கொஞ்சம் கமமும் செய்பவர். பூங்கா பற்றிப் பேச்செடுத்ததும் அவருடைய குரல் உயர்ந்தது. திரும்பி வந்தபோது தன் தகப்பனார் விதைத்த வயலுக்குள் எல்லைக்கல் நின்றதாகவும், அதைப் பற்றி யாரிடம் பேசுவது என்று இன்றுவரை தெரியவில்லை என்றும் சொன்னார். இதை எழுதாமல் விட்டால் நான் பாதி உண்மையைத்தான் எழுதியவளாவேன். வன்னியில் "வனஜீவராசிகள்" என்ற சொல்லைக் கேட்டால் பறவையும் யானையும் நினைவுக்கு வருவதற்கு முன் காணி நினைவுக்கு வருகிறது. போரின்போது யாரும் இல்லாமல் காடாகிக் கிடந்த வயல்களும் ஊர்மனைகளும், மக்களைக் கேட்காமல் வரைந்த எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டன என்ற குற்றச்சாட்டு இங்கே பல ஊர்களில் உண்டு.

ஆகவே ஆளணியைக் குறைத்தால் இந்த மக்களுக்கு நன்மைதானே என்று சிலர் கேட்கலாம். நானும் அந்த வாடியில் அதையே கேட்டேன். அவர் மாமாவைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இருந்த காலத்தில் உங்களோடு சண்டை பிடித்தோம். நீங்கள் வந்து வரம்பைப் பார்த்தீர்கள், எழுதிக்கொண்டு போனீர்கள். இப்போது சண்டை பிடிக்கவும் ஆள் இல்லையே" என்றார். கல் அங்கேயே நிற்கிறது, ஆளைத்தான் எடுத்துவிட்டார்கள். காவலன் இல்லாத எல்லை மரம் வெட்டுபவனைத் தடுப்பதில்லை, மணல் ஏற்றுபவனைத் தடுப்பதில்லை. காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு தன் வரம்பில் தயங்கி நிற்கும் கமக்காரனை மட்டும் தடுக்கிறது. எல்லையை மக்களோடு சேர்ந்து நடந்து திருத்துவதென்றால், அதற்கு ஊரைத் தெரிந்த, மொழி தெரிந்த, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய உத்தியோகத்தர்கள் வேண்டும். அந்தக் கரையில் தேநீர்க் குவளையோடு நின்ற மூன்று இளைஞர்களுக்கும் நீரேரியின் ஒவ்வொரு முகத்துவாரமும் தெரியும். அவர்களில் இருவர் உயர்தரம் வரை படித்தவர்கள். இந்த வேலைக்கு விண்ணப்பம் கோரினார்களா என்று ஒருவன் மாமாவைக் கேட்டான். மாமா பதில் சொல்லாமல், கொட்டைகளை எடுத்து அவன் கையில் கொட்டி, கூழைக்கடாக்களை எண்ணச் சொன்னார்.

முதல் முறை அவன் எண்ணியது மாமாவின் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. பறக்கும் பறவையை எண்ணாதே, இறங்கிய பிறகு எண்ணு என்றார். மூன்றாம் முறை ஒரு கொட்டைதான் வித்தியாசம்.

ஐந்தாம் நாள்: வீடு திரும்புதல்

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு, பிற்பகலில் வவுனியா வந்து சேர்ந்தோம். ஆசியாவெங்கும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பு 1987இல் இந்திய உபகண்டத்தில் தொடங்கியது. அதற்கான நாட்கள் கடந்துவிட்டாலும், மாமாவின் எண்ணிக்கையைத் தெரிந்த ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பவிருக்கிறோம்.

இரவு, மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துப் பழக்கமாக முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, மாவட்டச் செயலாளருக்கும் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் எழுதினோம். வெற்றிடங்களை நிரப்புங்கள், அவற்றில் இந்த ஊர்களின் இளைஞர்களையும் யுவதிகளையும் நிரந்தர நியமனத்தில் சேருங்கள், இளைப்பாறியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களோடு ஓராண்டு நடக்க விடுங்கள், எல்லைக்கற்களைக் கமக்காரருடன் சேர்ந்து மறுபடி அளவுங்கள் என்பவையே நாங்கள் கேட்டவை. கீழே ஐந்து நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்தோம்: நாரைகள், தாராக்கள், பூநாரைகள், கூழைக்கடாக்கள், அவிழ்த்த சுருக்கு ஒன்று, துடிப்பில்லாத வேலி ஒன்று. நான் கையெழுத்திடப் போனபோது மாமா தடுத்து, இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன்: கட்டில்கள் ஆறு, பாய் விரித்தவை இரண்டு.